கட்டில் பலகையில் செய்த கிட்டார்

பக்கத்துத் தச்சுப்பட்டறையில் இன்று மரம் ஒட்ட மாட்டுத்தோல் வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறார்கள். அந்தக் கவிச்சி நாற்றம் ஜன்னல் வழியே வந்ததும் உன் முகம் கண்முன் வந்துவிட்டது. உயிரோடு இருந்தவரை "நீங்க, வாங்க" என்றேன். செத்த புருஷனுக்கு என்ன மரியாதை? இனி நீதான்.

வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகும் ராயபுரத்துக் கல்யாணங்களில் கிட்டார் கோஷ்டிக்கு மவுசு குறையவில்லை. பகலெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு, நீயும் ஒரு கோஷ்டியில் வாசித்தாய். இன்னொரு கோஷ்டிக்காரன் கப்பலில் வந்த எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கிவிட்டான் என்று உனக்குச் சோறு இறங்கவில்லை. நீயே ஒன்று செய்யக் கிளம்பினாய். அதற்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றித் தந்த ரேடியோ கடைக்காரர் என் எதிரில்தான் சொன்னார்: "கம்பிக்குக் கீய கீற காயில்தான் சத்தத்தப் புடிக்குது. மேல எந்தப் பலகை இருந்தா இன்னா? ஹார்பர் பெட்டிப் பலகையே போதும்."

உனக்குப் போதவில்லை. வீணைக்குப் பலாமரம் என்றால் கிட்டாருக்கும் மேலே பலாதான் என்று ஒற்றைக்காலில் நின்றாய். நான் பிரசவத்துக்குத் திருவொற்றியூரில் அம்மா வீட்டில் இருந்த சமயம். குழந்தையோடு திரும்பி வந்தால் கட்டிலில் தலைமாட்டுப் பலகை இல்லை. படகு கட்டுகிற என் அப்பா, என் கல்யாணத்துக்காகத் தன் கையால் இழைத்துப் பூ செதுக்கிய பலாப் பலகை அது.

பேரனைப் பார்க்க வந்த அப்பா, கிட்டாரின் முகத்தில் தன் பலகையைக் கண்டார். அதன் கழுத்து உடம்போடு சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"வெறும் வஜ்ஜிரம் வோணாம் மாப்ளே. கடலாண்ட ஈரத்துல இளகிடும். நாலு போல்ட்டு போடு. கயுத்து நிமிந்தாலும் கயட்டி சரி பண்ணிக்கலாம்."

"போல்ட்டு போட இது இன்னா படகா மாமா? கயுத்துல கை வயுக்கினு போவணும்" என்று சிரித்தாய்.

ஐப்பசி மழையில் ஒரு கல்யாணம். அப்பாவை நீயே பெருமையாக அழைத்துப் போனாய். இரண்டாவது பாட்டிலேயே பசை இளகிக் கழுத்து நிமிர, கம்பிகள் மேலே தூக்கிச் சுருதி நாராசமானது. பந்தல் முழுக்கச் சிரிப்பு. நீ மைக்கின் முன்னால் நின்றபடியே அப்பாவைக் காட்டினாய். "தோ, எங்க மாமனாரு. உளுத்த கட்டையத் தலையில கட்டிட்டாரு. பொண்ணும் அதே சரக்குதான்."

பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. விட்டுப்போனது உன் ஒட்டு. அது உனக்கும் தெரியும்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் போனார். பிறகு நம் வீட்டுப் படி ஏறவே இல்லை. பேரனைப் பார்க்கும் ஆசை வந்தால் தெருமுனையில் நின்று ஆள் அனுப்புவார். தப்பு என்னுது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பார். எத்தனை கெஞ்சினேன்! "உங்கப்பன் கால்ல நான் வுயணுமா?" என்றாய். அவர் கண்ணை மூடிய பிறகு மாலையோடு போய் நின்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க என் கையைப் பிடித்தாய்.

"உங்க நைனா விசயத்த மன்சுல வச்சிக்காத. சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

போர்வையை இழுத்து மூடினேன். கஞ்சியை ஊட்டினேன். வாயைத் துடைத்தேன். நீ என் உதட்டையே பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய்.

சொல்லியிருக்கலாமே என்கிறாள் உன் அக்கா. சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்த அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.