வாறன் என்ற சொல்

அக்கா,

சுவரில் சாய்ந்தேன். தோளெல்லாம் சுண்ணாம்பு. நீ எனக்கென்று வெள்ளையடித்து வைத்த அறை இது. பசை சேர்க்காமல் அடித்திருக்கிறாய் போலும். இரண்டு வருடத்துக்கு மேலாகியும் தொட்டால் கையோடு வருகிறது. நேற்று உன் முதலாம் வருடத் திவசம் முடிந்தது.

கடல் வந்து அம்மாவையும் கரையோர வீட்டையும் கொண்டுபோன பிறகு உன்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். என் வாடகை அனெக்ஸில் ஒரு மாதம்தான் இருந்தாய். தமிழர் வீடுகளில் பொலிஸ் பதிவைப் பார்க்க வந்தவர்கள் கதவைத் தட்டும்போதெல்லாம் அடையாள அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாய். ஒரு காலை பையைக் கட்டினாய். "கடல் ஒருநாள்தான் வந்தது. இஞ்ச ஒவ்வொரு நாளும் வந்து தட்டுறாங்க" என்றாய். களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பி, வாவிப் பக்கமாக இந்த வீட்டைக் கட்டினாய்.

அதன் பிறகு தொலைபேசியில் நமக்கு ஒரே வழக்கு. கொழும்பில் செத்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிய மூன்று நாளாகும் என்பாய். உன் ஊரில் தும்மினாலே மூன்று தெருவுக்குத் தெரியும், அதற்குப் பயந்துதான் வரவில்லை என்பேன். அதெல்லாம் பாதி விளையாட்டு. யுத்தம் முடியட்டும், வந்துவிடுகிறேன் என்று சொன்னது மட்டும் முழுப் பொய். அது முடியும் என்று நான் நம்பவே இல்லை.

முடிந்தது. அன்று மாலை அழைத்தாய். வன்னியில் செத்தவர்களைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசவில்லை. "இனி என்னகா சாட்டு?" என்று கேட்டாய். அலுவலகத்தில் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். "சரியக்கா, வாறன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

நம் ஊரில் வாசற்படி இறங்குகிறவர் போறன் என்று சொல்லக்கூடாது, வாறன் என்றுதான் சொல்ல வேண்டும். சகுனம் எதையும் நம்பாத என் நாக்கிலும் அந்தப் பழக்கம் இருந்தது. நான் விடைபெற்றேன். நீயோ நான் வருவதாக எடுத்துக்கொண்டாய்.

அந்த வாரமே வெள்ளையடித்தாய். கட்டில் செய்வித்தாய். கொழும்பு பஸ் வரும் விடிகாலையில் மூன்று நாள் சந்தியில் போய் நின்றாய். நாலாம் நாள் நீ அழைத்து, ஏன் வரவில்லை என்று கேட்டபோதுதான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது. நான் சொன்னதன் பொருளைப் படித்தவளாக விளக்கினேன். நீ சிரித்தாய். "அப்ப வாறதுக்கும் வாறன், வராம விடுறதுக்கும் வாறன். நல்ல தமிழ் படிச்சிருக்காய்."

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மேலும் ஒன்றரை வருடம் கடத்தினேன். ஒரு பகலில் கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். பக்கத்து வீட்டு மாமி ஆட்டோ பிடித்தார். ஊருக்கெல்லாம் உடனே தெரிந்துவிட்டது. அலுவலகக் கூட்டத்தில் தொலைபேசியை அணைத்து வைத்திருந்த எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. "தங்கச்சி வாறன் எண்டவள், வருவாள் எண்டுதான் அக்கா ஆட்டோவில சொல்லிக்கொண்டு வந்தா" என்று மாமி பிறகு சொன்னார். குறையாக அல்ல, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

பையில் இந்த ஊருக்கு வேலை இடமாற்றம் கேட்கும் படிவம் இருக்கிறது. நீ வெள்ளையடித்த வாரமே எல்லாம் நிரப்பிவிட்டேன். திகதி மட்டும் இன்றுவரை போடவில்லை. இங்கே நீ இல்லை, அங்கே யாருமே இல்லை. எங்கே இருப்பதற்காக அதில் திகதி போடுவது?

பஸ்ஸுக்கு நேரமாகிறது. வேலிப் படலையில் நின்று மாமி கேட்கிறார்: "போயிற்று வாறியா, புள்ள?"

தோளில் உன் சுண்ணாம்போடு வாசற்படியில் நிற்கிறேன். இறங்கும்போது சொல்ல என்னிடம் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லி முடித்துவிட்டேன்.