முன் கண்ணாடியில் விழுந்த கல்

என் உயிரான காக்காவுக்கு, என் ஒரே அண்ணனுக்கு, நீங்கள் உறங்கும் மண்ணுக்கு என் ஸலாம்.

உங்களை அடக்கிய மையவாடி நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். பெண்பிள்ளை நான் உள்ளே வர முடியாததால் எழுதுகிறேன். உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்ற துணிவும் ஒரு காரணம். பயந்துபோய் இருக்கிறேன் காக்கா.

சண்டை முடிந்துவிட்டது, நம்புவீர்களா? இப்போது சோதனைச் சாவடிகளில் யாரும் நம்மை வானை விட்டு இறங்கி நடக்கச் சொல்வதில்லை. ஆனால் டிப்பர் லொறிகள் கூடிவிட்டன. நீங்கள் இருந்தபோது கடல் உடைத்த வீடுகளின் இடிபாட்டையும், புது வீடுகளுக்கான கல்லையும் ஏற்றிக்கொண்டு ஓடின. இப்போது ரோட்டை அகலமாக்கக் கிரவல் ஏற்றி ஓடுகின்றன. படங்கு போட்டு மூடும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மேலிருந்து உதிர்வது போதாதென்று பின்பக்க இரட்டைச் சில்லு டயர்களுக்குள் சிக்கிய கல்லும் தெறிக்கிறது.

வான் ஓட்டும் உங்கள் தொழிலை இப்போது உங்கள் மச்சான்தான் செய்கிறார். என் புருஷனுக்குக் கியர் மாற்றத் தெரியாது என்று எத்தனை பகிடி பண்ணினீர்கள்! நாவிதன்வெளிப் பக்கம் படிப்பிக்கப் போகும் டீச்சர்மாரை அவர்தான் ஏற்றிப் போகிறார். நானும் அதில் ஒருத்தி, முன் சீட்டில். ஒவ்வொரு நாளும் எங்களுக்குள் இதே கதைதான்.

“இஞ்சேருங்க, டிப்பருக்குப் பின்னால ஒட்டிட்டுப் போகாதீங்க. கல்லு வந்தா குனியப்படா, கேட்டீங்களா?”

“ஸ்டீயரிங் புடிச்சவன் குனிவானா புள்ள? உன்ட காக்கா குனிஞ்சாரெண்டு ஊர் சொல்லுது. நான் நம்பல்ல.”

நான் நம்பினேன். நாம் அப்படித்தானே வளர்ந்தோம்? வெளியே ‘டப்’ என்றால் போதும், உம்மா எங்கிருந்தாலும் ஓடிவந்து நம் பிடரியில் கைவைத்து நிலத்தோடு அழுத்துவார். “சத்தம் கேட்டா மறுகதை இல்ல, படுத்திரணும் மகன்!” ஒருமுறை சன்னலால் வந்த துப்பாக்கிச் சன்னம், நீங்கள் நின்ற இடத்துக்கு நேரே சுவரில் பாய்ந்தது. உம்மாவின் கை இல்லாவிட்டால் அன்றைக்கே உங்களை இழந்திருப்போம்.

அதனால்தான் வயல் ரோட்டில் உங்கள் வான் வாய்க்காலுக்குள் புரண்டபோது யாருக்கும் வேறு யோசனை வரவில்லை. கண்ணாடி உடைந்திருந்ததைப் பார்த்து “ஆரோ சுட்டுப்போட்டானுகள்” என்று கடைகளைக்கூட மூடினார்கள். சீட்டுக்கு அடியில் கருங்கல் கிடைத்த பிறகுதான் ஊர் அடங்கியது. வெடி என்று நினைத்துக் குனிந்துவிட்டான் பாவம் என்றார்கள். முன் சீட்டில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்த உம்மா தப்பிவிட்டார். “கல்லு வந்திச்சி மகள், பிறகு ஒண்டும் தெரியா” என்றார். அதற்கு மேல் இன்றுவரை பேச்சில்லை. எந்த வாகனத்தில் ஏறினாலும் கடைசிச் சீட்டுக்குத்தான் போவார். கண்ணாடிக்குப் பயம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன கிழமை, அதே வயல் ரோட்டில், எதிரே வந்த டிப்பரிலிருந்து ஒரு கல் தெறித்தது. டமார்! முன் கண்ணாடி முழுவதும் தேங்காய்ப்பூ அப்பியதுபோல் வெளுத்துப்போயிற்று. ரோடும் தெரியவில்லை, வயலும் தெரியவில்லை. பின்னால் டீச்சர்மார் “யா அல்லாஹ்” என்று சீட்டுகளுக்கிடையில் விழுந்தார்கள். சண்டை முடிந்தது எனக்கு அறவே மறந்துவிட்டது.

“கைய எடு! புள்ள, கைய எடு!”

எந்தக் கை? பார்த்தால், என் வலது கை அவர் பிடரியில் இருக்கிறது. என் பலத்தையெல்லாம் கூட்டி அவர் தலையைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கிறேன்! அவர் கழுத்தை விறைத்துக்கொண்டு, பக்கச் சன்னலால் ரோட்டோரத்தைப் பார்த்துப் பார்த்து, வாய்க்கால் கட்டில் ஒருமாதிரி நிறுத்திவிட்டார். இறங்கிப் பிடரியைத் தடவினார். “கல்லுக்குத் தப்பியும் உன்ட கையால போகப் பாத்தனே” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் உம்மாவிடம் கண்ணாடி உடைந்ததை மட்டும் சொன்னேன். கையைப் பற்றி மூச்சு விடவில்லை.

“நீ எங்க இரிந்த?”

“முன் சீட்டுல உம்மா.”

“முன்னுக்கு இரிக்காத மகள். அல்லாஹ்வுக்காக, இனி முன்னுக்கு இரிக்காத.” சொல்லும்போதே தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டார்.

காக்கா, அன்று நீங்கள் குனியவில்லையா? உம்மாவின் கையா? உங்களைக் காப்பாற்ற வந்த கைதான் அது என்று அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்ததா? தெரிந்திருக்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன்.

இதை உம்மாவிடம் ஒருநாளும் கேட்கமாட்டேன். ஊர் சொல்கிறபடி நீங்கள் குனிந்தவராகவே இருந்துவிடுங்கள், எங்களுக்காக. நாளைக்கும் டிப்பர் வரும், நானும் நடுங்கிக்கொண்டுதான் போவேன், ஆனால் பின் சீட்டில். உம்மா எங்களோடு வரும் நாட்களில் பக்கத்தில் இருந்து அவருடைய வலது கையை என் கைக்குள் பிடித்துக்கொள்வேன். கல் வந்து விழுந்தாலும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
அந்தக் கையால் உங்களோடு சேர்ந்து வளர்ந்த
உங்கள் ஒரே தங்கச்சி,
சாய்ந்தமருது.