ஒரு மகன் என்று சொன்னேன்

அன்புள்ள ஆஸ்லினுக்கு,

அப்பா எழுதுகிறேன். கொரோனாவில் தொடங்கிய ஆன்லைன் ஜெபக் கூட்டத்தை இன்னமும் நடத்துகிறேன். போன வாரம் நைரோபியிலிருந்து எஸ்தர் என்று ஒரு அம்மா புதிதாகச் சேர்ந்தார்கள். "வாங்க, இது உங்க வீடு" என்று ஆங்கிலத்தில் வரவேற்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்கள் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறேன். எத்தனை பேர்?" என்று கேட்டார்கள்.

"ஒரு மகன்" என்றேன்.

பக்கத்தில் இருந்த உன் அம்மா, "அப்போ எம் மவ யாரு?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டு எழுந்து போனாள். மைக் அணைக்கவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நாலு வருஷம் முன்னால், கல்யாணம் முடிந்த கையோடு நீயும் பாண்டிராஜும் கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றீர்கள். நான் உள்ளே இருந்துகொண்டே, வீட்டில் இல்லை என்று உன் அம்மாவைச் சொல்லச் சொன்னேன். அவர் வேறு சாமி கும்பிடுகிறவர் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.

நேற்றுக் கூட்டத்தில், "எனக்கு ஒரு மகளும் உண்டு. போன வாரம் பொய் சொல்லிவிட்டேன்" என்றேன். எஸ்தர் அம்மா உன் பெயரை இரண்டு தடவை கேட்டுத் திருத்திக்கொண்டு ஜெபித்தார்கள். பிறகு, "மகள் எங்கே, வெளிநாட்டிலா?" என்று கேட்டார்கள். நாகலாபுரம், ஒரே பஸ்ஸில் போய்விடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் அங்கே வரலாமா? மாப்பிள்ளையிடமும் கேட்டுச் சொல்லம்மா.

உன் அப்பா