சும்மா இருந்த நேரத்தின் கணக்கு

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

இன்றும் மீட்டிங்கில் காலேப் தலைதான் உருண்டது. சிங்கப்பெருமாள் கோவில் தொழிற்சாலையில் நாங்கள் வைத்த கணினிகளில், ப்ராசஸர் சும்மா இருந்த மொத்த நேரம் திடீரென்று குறைகிறது. மொத்தம் ஏறத்தானே முடியும்? எப்படி இறங்கும்?

"காலேப் எழுதின டூல்லதான் தப்பு. வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிடலாம்" என்றார் எங்கள் மேனேஜர் ஷ்யாம்சுந்தர் சார்.

அடேயப்பா, என்ன ஒரு தீர்ப்பு! ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூளையான கெர்னல் தரும் எண்ணைத்தான் அந்த டூல் காட்டுகிறது. தப்பு கெர்னலில் இருக்கலாம் என்றேன். சிரித்தார்.

"விடுங்கக்கா, நான் சேர்ந்தே மூணு மாசம்தான்" என்றான் காலேப். மதியம் அவன் சாப்பிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் 10

வீட்டு லேப்டாப்பில் நாள் முழுக்க சோதித்தேன். ஒரு தடவைகூட இறங்கவில்லை. சே.

செப்டம்பர் 11

சேலையூரில் காலையிலேயே கரண்ட் கட். லேப்டாப் பேட்டரிக்கு மாறிய அடுத்த நொடி — இறங்கியது! கத்தியே விட்டேன்.

"கரண்ட் போனதுக்கு கை தட்டுற ஒரே ஆள் நீதான்" என்றார் உமேஷ். கட்டிய கணவரின் பாராட்டு.

பேட்டரியில் ஓடினால் ப்ராசஸருக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் கோர்களில் பாதியை அணைக்கும்படி நானே எப்போதோ வைத்திருந்தேன். சார்ஜரைச் செருகியபடியே சோதித்தால் எப்படித் தெரியும்? மக்கு நான்! தொழிற்சாலைக் கணினியும் வேலை குறைந்தால் கோர்களை அணைக்கும்.

கெர்னலைப் பிரித்துப் பார்த்தேன். கோர் ஓடும்போது ஒரு கணக்கு, அணைந்தபின் வேறொரு கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை; ஒன்றிலிருந்து குறைவான மற்றதற்குத் தாவும்போதுதான் மொத்தம் இறங்குகிறது. திருத்தி எழுதினேன்; இனி ஒரே கணக்குதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலேப்பின் டூலைத் திறக்கவே இல்லை. கெர்னலின் எண்ணை நேராகத் திரையில் போட்டு, எல்லார் முன்னாலும் சார்ஜரைப் பிடுங்கினேன். இறங்கியது. என் திருத்தத்தை ஏற்றி, மறுபடி பிடுங்கினேன். இறங்கவில்லை.

"அப்போ அந்த டூல்?" என்றார் சார்.

"அது உண்மையைத்தான் சொல்லிச்சு சார்."

காலேப் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டான்.

அக்டோபர் 8

கெர்னலைப் பராமரிக்கிறவர்கள் இரண்டு முறை திருப்பியனுப்பிய என் திருத்தத்தை இன்று ஏற்றுக்கொண்டார்கள். உலகத்துக்கே போகப்போகிறது, சேலையூரிலிருந்து! கேம்ப் ரோட்டில் எல்லாரையும் நிறுத்திச் சொல்லலாம் போலிருந்தது.

பிழையை முதலில் பார்த்துச் சொன்னவர் பெயரையும் திருத்தத்தின் அடியில் எழுதுவது அங்கே வழக்கம். காலேப் பெயரை எழுதியிருந்தேன். அதை போனில் படமெடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பினான்.

"என் பேரு எதுவும் வரலையா?" என்றார் ஷ்யாம்சுந்தர் சார்.

"டூல்தான் தப்புன்னு சொன்னவங்களுக்கு அதுல தனி வரி இல்ல சார்."

முதலில் சிரித்தது அவர்தான்.