பக்கத்து வீட்டுக் கிணறு

இன்று காலை கொழும்பிலிருந்து ஒரு பொதி வந்தது. அங்கே அலுவலகம் இடம் மாறுகிறதாம். பழைய ஆய்வுப் படிவங்களை அந்தந்த ஊருக்கே திருப்பி அனுப்புகிறார்களாம். மேலே பச்சை மையில் உமது எழுத்து. ‘புத்தூர்க் கிணறுகள்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தீர். நீர் போய் மூன்று வருடமாகிறது. அந்தக் கோடுகளைப் பார்த்ததும் தேத்தண்ணீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். பொதியை அவிழ்க்க எனக்குப் பயமாக இருந்தது.

எங்களுக்குத் தந்த வேலை சின்னதுதான். முன்போல நின்று பெய்யாமல் மழை ஒரேயடியாகக் கொட்டிக் கடலுக்கு ஓடிவிடுகிறது, பிறகு மாதக்கணக்கில் வெயில். இதனால் தோட்டக் கிணறுகள் உவர்க்கின்றனவா, சனம் அதைப் பற்றி என்ன நினைக்கிறது, கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த பிறகுதான் பயிர்க்கடன் என்று ஒரு விதி வந்தால் ஏற்பார்களா என்று கேட்டு எழுதவேண்டும். நீர் ஸ்கூட்டர் ஓட, நான் படிவக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பேன். வழி முழுக்க உங்கள் வேதக்கோயிலில் பாடுகிற பாட்டின் இரண்டாம் குரலை மட்டும் முணுமுணுத்து வருவீர். முதற் குரல் எங்கே என்று கேட்டால், அது வேறு ஆளின் வேலை என்பீர்.

முதல் கிழமை முழுக்கப் புத்தூரில் ஒரு கிணறும் உவர்க்கவில்லை. எல்லாரும் சொல்லிவைத்தாற்போல, “எங்கடை கிணறு நல்ல தண்ணி பிள்ளை” என்றார்கள். காலநிலை மாற்றத்தை எவ்வளவு உணர்கிறீர்கள், மிகவும், ஓரளவு, இல்லை என்று நான் வாசித்தால், “எதைப் போட்டா உங்களுக்கு நல்லம்?” என்று திருப்பிக் கேட்டார்கள். நானும் பெட்டிகளில் சரி போட்டுக்கொண்டே போனேன். நீர்தான் ஒழுங்கை முகப்பில் ஸ்கூட்டரை நிற்பாட்டினீர்.

“இஞ்சை பாரும், தன்ரை கிணறு உவர் எண்டு ஆர் சொல்லுவினம்? காணி விலை போகாது, பிள்ளைக்குச் சம்பந்தம் வராது, கடனும் கிடையாது. பக்கத்து வீட்டுக் கிணத்தைக் கேப்பம்.”

ஆய்வு என்றால் ஆய்வு, கோள் சொல்ல வைக்கிற வேலை எனக்குத் தெரியாது என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீர் படிவத்தில் பக்கத்து வீட்டுக் கிணறு எப்படி என்று ஒரு கேள்வியைக் கையால் எழுதிச் சேர்த்தீர். அதோடு ஊரே வாய் திறந்துவிட்டது. வெங்காயத் தோட்டக்காரர் இராசையா அண்ணை வேலிக்கு அப்பால் கையை நீட்டி, “உவன்ரை கிணறோ? வாயிலை வைக்கேலாது” என்றார். அந்த வேலிக்கு அப்பால் இருந்தவர் இராசையா அண்ணையின் கிணற்றைப் பற்றி அதையே சொன்னார். இரண்டு படிவத்தையும் பக்கத்தில் வைத்தால் உண்மை வெளியே வந்துவிடும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உமக்கு முன்னால் சிரிக்கவில்லை.

இராசையா அண்ணை வீட்டில் நீர் தேத்தண்ணீர் வேண்டாமென்று கிணற்றுத் தண்ணீர் கேட்டீர். அவரின் மனைவி தயங்கித் தயங்கித்தான் கொண்டுவந்தார். ஒரு தகரப் பேணி நிறையக் குடித்து முடித்து, இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தீர். வெயிலில் வந்த தாகம், தண்ணீரும் நல்லதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புறப்படும்போது, எல்லா வீட்டிலும் சொல்லுகிறதை அங்கேயும் சொன்னீர்: “உங்கடை பேர் கடன் குடுக்கிற ஆக்களின்ரை கையுக்குப் போகாது. அது என்ரை பொறுப்பு.”

அந்த வாக்கில்தான் நாங்கள் இருவரும் முறுகினோம். பெயரும் விலாசமும் எழுதிய முதற் பக்கத்தோடு முழுப் படிவமும் வேண்டும் என்று கொழும்பு கேட்டது. கேட்டால் அனுப்பத்தான் வேண்டும் என்றேன் நான். சட்டம் பேசுவதில் என்னை வெல்ல ஆளில்லை என்று உமக்குத் தெரியும். “அங்கை போற தாள் பிறகு எங்கை போகும் எண்டு உமக்குத் தெரியுமோ?” என்று கேட்டீர். எனக்குத் தெரியாது. தெரியாததாலேயே இன்னும் உரத்துக் கதைத்தேன். கடைசியில், “சரி, பொதியை நான் கட்டிறன்” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனீர். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

பிறகு உமக்கு வருத்தம் வந்தது. ஆசுப்பத்திரியில் வந்து பார்த்தபோது அந்தப் பொதியைப் பற்றி ஒரு சொல் கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. நீராகத்தான் என் கையைப் பிடித்து, “பயப்பிடாதையும்” என்றீர். உமது வருத்தத்தைப் பற்றித்தான் சொல்கிறீர் என்று நினைத்து அழுதேன்.

நீர் போன அடுத்த மாரியில் இராசையா அண்ணையைச் சந்தையில் கண்டேன். பயிர்க்கடனுக்கு எழுதிப் போட்டாராம். “கிணறு உவர் எண்டு திருப்பிப்போட்டாங்கள் பிள்ளை” என்றார். அவர் பெயரை அந்த முதற் பக்கத்தில் எழுதியவள் நான், அனுப்பச் சொல்லி நின்றவளும் நான். உமது வாக்கை நான் கெடுத்துவிட்டேன் என்றே அன்றைக்கு முடிவு கட்டினேன். அதன் பிறகு பருத்தித்துறைப் பக்கம் போவதென்றாலும் அவருடைய ஒழுங்கை வராத வழியாய்ப் போவேன். அன்றிலிருந்து இப்படித்தான்.

இன்று ஒருவாறு மனதைத் திடப்படுத்திக்கொண்டு பொதியை அவிழ்த்தேன். முதற் படிவத்தில் முதற் பக்கம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் பெயர் இல்லை, மூலையில் பச்சை மையில் ஓர் இலக்கம் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே கொழும்புக்கு நீர் எழுதிய துண்டு இருந்தது: ‘பெயர்ப் பக்கங்கள் உரியவர்களிடம் உள்ளன. பதில்களில் சந்தேகம் இருந்தால் நேரில் வந்து தண்ணீரைக் குடித்துப் பார்க்கவும்.’ அதன்மேல் ‘பெறப்பட்டது’ என்று ஒரு முத்திரை. அவ்வளவுதான். கதிரையில் இருந்து தனியாகச் சிரித்தேன். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்தது போல இருந்தது, அதோடு உம்மில் பயங்கரக் கோபமும் வந்தது. என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.

பின்னேரம் புத்தூருக்குப் போனேன். இராசையா அண்ணை பீற்றூட் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். வெங்காயத்தை விட்டுவிட்டாராம், பீற்றூட் உவரைத் தாங்குமென்று சொல்லி வேறோர் இடத்தில் கடனும் எடுத்துவிட்டாராம். வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், உங்கள் கடன் திரும்பியது என்னால்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்ததை.

“உதுக்கோ இவ்வளவு காலமும் ஒளிச்சுத் திரிஞ்சனீர்?” என்று கேட்டுவிட்டு வேலிப் பக்கம் கையைக் காட்டினார். “கடனுக்கு விசாரிக்க வந்த ஆளுக்கு உவன்தான் சொன்னவன். நானும் சும்மா விடேல்லை. உவன்ரை கிணத்தை நான் சொல்லிப்போட்டன்.”

உமது பக்கத்து வீட்டுக் கேள்வியை ஊர் எங்களிடமிருந்து நன்றாகத்தான் கற்றுக்கொண்டுவிட்டது. தண்ணீரைச் சோதித்துக் கடன் கொடுக்கும் அந்த விதி இன்னும் வரைவாகவே கிடக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். உவரைக் காட்டி ஒருவரின் விண்ணப்பத்தைத் திருப்பக்கூடாது, உவரைத் தாங்கும் பயிருக்கு மாற உதவவேண்டும் என்று நாங்கள் எழுதிய வரி அதில் இருக்கிறது என்றும் சொன்னேன். நாங்கள் என்று சொன்னாலும் அந்த வரி உம்முடையது.

அவர் உள்ளே போய்க் காணி உறுதிப் பத்திரம் வைத்திருக்கிற பிளாஸ்ரிக் பையை எடுத்து வந்தார். உறுதிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டினார். முதற் பக்கம். என் கையெழுத்தில் அவர் பெயர்.

“உம்மோடை வந்த அந்தப் பிள்ளை வீடு வீடா வந்து குடுத்திட்டுப் போனது. உங்கடை பேர் உங்களிட்டையே இருக்கட்டும் எண்டது. நடக்கவே ஏலாமல்தான் வந்தது.”

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். அவரின் மனைவி தேத்தண்ணீர் வைக்கப் போனார். வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் தாருங்கள் என்றேன். பேணியை வாயில் வைத்ததும் நாக்கு சுருண்டது. கடலை அள்ளி ஊற்றியது போல உவர். அன்றைக்கு நீர் இதைத்தான் முகம் கோணாமல் இரண்டு தரம் குடித்திருக்கிறீர். அந்த அம்மா கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடித்து முடித்துவிட்டு இன்னொரு பேணி கேட்டேன்.