காய்ச்சலுக்குப் பெயர் கிடைத்தது

14.11.1996, வியாழன்

மாதக்கணக்காக அந்தியானால் வரும் என் காய்ச்சலுக்கு இன்று ஒரு பெயர் கிடைத்தது, என் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர். டைபாய்டு என்றார்கள், மலேரியா என்றார்கள். டி.பி.யாக இருக்குமோ என்று பயந்து, நானே தட்டையும் பாயையும் தனியாக வைத்துக்கொண்டேன். மகள் கவிதாவை மடியில் ஏறவிடவில்லை. அந்தச் சின்னக் குழந்தைக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

கோயமுத்தூர் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்துவிட்டு, "ஊட்டுல மாடு இருக்குதுங்களா? மாசம் நிறையாம கன்னு வீசுச்சுங்களா?" என்று கேட்டார்.

வைகாசியில் எங்கள் செவலை மாடு அப்படித்தான் கன்று வீசியது. பாதியில் சிக்கிய கன்றை நான்தான் வெறுங்கையால் இழுத்துப் போட்டேன். அதைச் சொன்னேன்.

"மாட்டுக்கு வந்த அதே கிருமிதானுங்க அம்மணி உங்களுக்கும். கைக்கீறல் வழியா ஏறியிருக்கும். காய்ச்சாத பால்லயும் வரும். மாத்திரைய நடுவுல நிறுத்தாம சாப்பிட்டீங்கன்னா சரியாயிரும்."

என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஒன்றுதான் கேட்டேன். "புள்ளையப் பக்கத்துல படுக்க வெக்கலாமுங்களா?"

"தாராளமா வெச்சுக்கங்க. இது மனுசருக்கு மனுசர் ஒட்டறதில்லீங்க."

சாயங்காலம் கவிதாவின் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினேன். நாளைக்குச் செவலையைக் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். அதை என்ன செய்யச் சொல்வாரோ.

இன்றும் காய்ச்சல் அடிக்கிறது. கவிதா என் இடது கையில் தலை வைத்துத் தூங்குகிறாள். கை மரத்துவிட்டது. எடுக்க மனமில்லை.