சந்தனம் பூசிய கிட்

கம்பம்,
31-10-88

அன்பு மகள் கஸ்தூரிக்கு உன் அம்மா சங்கிலியம்மாள் எழுதுவது. நான், உன் அப்பா, தம்பி ராக்கையா எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பூனாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று உடனே எழுது. இங்கே விடாத மழை, பன்னீர் திராட்சை கொடியிலேயே வெடிக்கிறது, உன் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டே தோட்டத்துக்குப் போகிறார், சொன்னால் கேட்பதில்லை. வருகிற வாரம் தீபாவளி, அங்கே வேலை என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் இருந்துவிடாதே. இதெல்லாம் இருக்கட்டும், நான் இன்று பேனா எடுத்தது வேறு சேதிக்கு. நேற்று உன் பாலிடெக்னிக் சங்கரலிங்கம் வாத்தியார் நம் வீட்டுக்கு வந்தான். வந்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அவன் ஏன் வந்தான் என்று கேள். லேப் அட்டெண்டர் ஒச்சாண்டி போன வாரமே சந்தையில் என்னிடம் சொல்லிவிட்டான். இந்த ஆயுத பூஜைக்கும் சங்கரலிங்கம் வழக்கம் போல எல்லா மிஷினுக்கும் தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறான். லேத்துக்கும் மோட்டாருக்கும் வைத்தால் ஒன்றும் ஆகாது, பிள்ளைகள் கம்ப்யூட்டர் பாடம் பழகுகிற, மூடியே இல்லாத அந்த மைக்ரோ பிராசஸர் கிட்டுக்கும் மூன்று விரலால் பட்டை போட்டுத் தீர்த்தமும் தெளித்தால் என்ன ஆகும். விஜயதசமி காலையில் சுவிட்சைப் போட்டதும் இரண்டு கிட் புகைந்து போயிற்று. மெட்ராசிலிருந்து ரிப்பேர் பார்க்க வந்த ஆள், பூரான் மாதிரிக் கால் வைத்த அந்தக் கறுப்புச் சில்லைக் கழற்றி, அடியிலிருந்து சந்தனத்தை ஊசியால் சுரண்டி எடுத்து, யார் சார் இதுக்கு அபிஷேகம் பண்ணினது என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். எனக்கு வயிறு குளிர்ந்தது கஸ்தூரி, பொய் சொல்ல மாட்டேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே விஜயதசமிக்கு, முதல் மார்க் வாங்கியவள் தொடங்கி வைக்கட்டும் என்று உன்னைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னவனும் அவன்தான், புகை வந்ததும் களை எடுக்குற கையில கிட்டைக் கொடுத்தா இப்படித்தான் கருகும் என்று வகுப்பு முழுக்கக் கேட்கக் கத்தினவனும் அவன்தான். அன்றைக்கும் முந்தின நாள் அதற்குச் சந்தனம் வைத்தது அவன் கைதான். உன்னை லேப்புக்குள் விடாமல் வராந்தாவில் நிறுத்தினான், உன் ஒரு வருஷப் படிப்பு மண்ணாகப் போயிற்று. கிட்டை எரித்த பிள்ளை என்று ஊருக்குள் பேர் வாங்கி நீ சாப்பிடாமல் கிடந்ததை நான் மறப்பேனா.

இப்போது அவன் லேப்பில் வேலை செய்கிற கிட் இல்லை, தை மாதம் இன்ஸ்பெக்ஷன். நீ செய்த புதுக் கிட்டைப் போட்டிருக்கிற கம்பெனிப் புத்தகத்தில் உன் பேரைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். வாங்க சார், வழி தப்பி வந்துட்டீகளா என்று கேட்டேன். மோர் கொடுத்தேன், வேண்டுமென்றே உப்புப் போடவில்லை, அதையும் கடைசிவரை குடித்தான். கஸ்தூரி அந்தக் கிட்டை நேர்ல கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டுப் போனாகன்னா பெரிய உதவிம்மா, அன்னைக்கு நடந்ததுக்கு நான் தனியா மன்னிப்புக் கேட்டுக்கிறேன் என்றான். என் மகளைத் தனியாவா வைஞ்சீக என்று கேட்டேன். அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் கேட்டார்களோ அத்தனை பிள்ளைகள் முன்னால், தன் கையால் வைத்த சந்தனத்தால்தான் கருகியது, கஸ்தூரி கையால் இல்லை என்று அவன் வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கிட் என்றேன். காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சரிம்மா என்றான்.

விட்டுருடி பெரிய மனுசன் என்று உன் அப்பா சொல்கிறார். நீயும் அதே ரத்தம்தான். போன கடிதத்தில் நீ, துண்டு துண்டாக மாட்டிக் கழற்றுகிற மாதிரி கிட் செய்திருக்கிறேன், ஒன்று கருகினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மேலே மூடியும் உண்டு, இனி எந்தப் பிள்ளையும் திட்டு வாங்க வேண்டாம், என் பழி அதோடு தீர்ந்தது என்று எழுதியிருந்தாய். உன் பழி தீர்ந்திருக்கலாம், பெற்றவள் பழி தீரவில்லை. அதனால் மாப்பிள்ளையிடம் சொல்லி லீவு போட்டுவிட்டு மார்கழிக்குள் வா. கிட்டில் ஒரு குறையும் வைக்காதே, படிக்கிற பிள்ளைகள் நமக்கு ஒன்றும் செய்யவில்லை. அவனையும் முதல் பெஞ்சில் உட்கார வைத்தே சொல்லிக் கொடு.

ரயிலில் ஜன்னலோரம் உட்காராதே, நகையைப் பெட்டியில் வைக்காதே. சுருளி வேலப்பர் உன்னையும் மாப்பிள்ளையையும் நூறு வருஷம் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், யார் உன் காலை மிதித்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுகிற பிள்ளை நீ. அன்றைக்கு அவன் அழுதாலும் அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வரக் கூடாது. அவன் சொல்லி முடித்ததும் பதிலே பேசாதே, பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பாடத்தை ஆரம்பி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
சீ. சங்கிலியம்மாள்